காதருகே அளக்க வேண்டிய இரைச்சல்

ஒலியளவு மானி, காற்றில் பரவும் அழுத்த அதிர்வை டெசிபல் எண்ணாக மாற்றிக் காட்டும் கருவி. கைக்கு அடக்கமானது. முனையில் ஒலிவாங்கி, உள்ளே மின்னணுச் சுற்று, முகப்பில் ஒரு திரை. பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு என்பது கருவியை எங்கே பிடித்தார்கள், எந்த நேரத்தில் பிடித்தார்கள், எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது. செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் எடுத்த எண்ணும், அதே ஆலைக்குள் கொட்டை உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பவரின் காதருகே எடுத்த எண்ணும் ஒரே ஆலையைப் பற்றியவைதான். ஆனால் வாசலில் எடுத்த எண்ணால் உள்ளே நிற்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள கேரித் தீவு, இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். லங்காட் ஆறு அதைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கிறது. தெலுக் பங்லிமா காராங் பக்கமிருந்து பாலத்தைக் கடந்து உள்ளே போகலாம். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத்துரையின் பெயர்தான் தீவின் பெயராக நிலைத்தது. கடல்நீர் ஏறாமல் காக்கும் கரைகளுக்குள் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். தோட்டங்களில் பெரும்பகுதி கோல்டன் ஹோப் நிறுவனத்திடம் இருந்து, 2007 இணைப்புக்குப் பின் சைம் டார்பி கைக்கு வந்தது. அந்தத் தோட்ட நிறுவனம் 2024 முதல் எஸ்டி கத்ரி என்ற பெயரில் இயங்குகிறது. தோட்டக் குடியிருப்புகளும் தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் ஒரு பக்கம். மரச் சிற்பத்துக்கும் முகமூடிகளுக்கும் பெயர்பெற்ற மா மெரி பூர்வகுடி மக்களின் சுங்கை பும்புன் கிராமம் இன்னொரு பக்கம்.

இங்கே அளக்க வேண்டிய இரைச்சல் இரண்டு வகை. செம்பனைத் தொழிலின் இயந்திரங்கள் எழுப்புவது ஒன்று; அது இப்போதே காதில் விழுகிறது. மற்றது இன்னும் வரவில்லை. கிள்ளான் துறைமுகத்தின் அடுத்த விரிவாக்கமாக இத்தீவில் ஒரு பெரிய துறைமுகம் கட்டும் திட்டம் 2017இல் பேசப்பட்டது. 2018 ஆட்சி மாற்றத்தில் அது பின்தள்ளப்பட்டாலும் பேச்சு ஓயவில்லை. முதல் வகையைச் சரியாக அளக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டாவதை அளக்க இப்போது நேரம் இருக்கிறது. துறைமுகம் வந்த பிறகு அந்த நேரம் கிடைக்காது.

கருவியின் அடிப்படையிலிருந்து தொடங்கலாம். மனிதக் காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அழுத்தம் 20 மைக்ரோபாஸ்கல். அதுவே டெசிபல் கணக்கில் சுழியம். காதை வலிக்கச் செய்யும் ஒலியின் அழுத்தம் அதைப்போல் பத்து லட்சம் மடங்கு. இவ்வளவு பெரிய வீச்சை நேரடி எண்களில் எழுதினால் கையாள முடியாது என்பதால் மடக்கை அளவு வைத்தார்கள். 1920களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் தங்கள் கம்பிகளில் குறையும் ஒலியைக் கணக்கிட உருவாக்கிய அலகு அது. 1929இல் நியூயார்க் மாநகரம் இரைச்சல் ஒழிப்புக் குழு ஒன்றை அமைத்து, அளவுக் கருவிகள் ஏற்றிய லாரியைத் தெருத்தெருவாக அனுப்பியது. தெரு இரைச்சலைப் பற்றி எண்களோடு வாதாட முடியும் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

மடக்கை அளவு என்பதால் டெசிபல் எண்களைச் சாதாரண எண்கள்போல் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. 80 டெசிபல் எழுப்பும் இயந்திரத்தின் பக்கத்தில் அதே அளவு எழுப்பும் இன்னொன்றை ஓடவிட்டால் மானி 83 காட்டும், 160 காட்டாது. ஒலி ஆற்றல் இரட்டிப்பானால் எண்ணில் 3 மட்டுமே கூடும். பத்து டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கோ ஏறத்தாழ இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்றும். காதின் இந்த மதிப்பீடு ஆபத்தானது. 85க்கும் 88க்கும் உள்ள வேறுபாடு காதுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. ஆனால் உள்காதின் நுண்ணிழைச் செல்களுக்கு அது இரட்டைச் சுமை. இரைச்சலை அனுபவத்தில் மதிப்பிட முடியும் என்று நினைக்கும் அனுபவசாலிகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மானியின் திரையில் எண்ணோடு ஓர் எழுத்தும் இருக்கும். பெரும்பாலும் ஏ. 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகளை அடியொற்றி வந்த வடிகட்டி இது. மென்மையான ஒலிகளைக் கேட்கும்போது காது தாழ்ந்த சுருதிகளைக் குறைவாகவே உணர்கிறது. கருவியும் அப்படியே குறைத்துக் காட்டும்படி செய்தார்கள். 1,000 ஹெர்ட்ஸில் ஏ வடிகட்டி எதையும் மாற்றாது. 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபல் கழிக்கும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிக்கும். செவித்திறன் பாதிப்பைக் கணக்கிட இது போதுமான வடிகட்டி என்பதால் சட்டங்கள் ஏ அளவையே கேட்கின்றன. சி வடிகட்டி தாழ்ந்த சுருதிகளை அநேகமாக அப்படியே விட்டுவிடும். சம்மட்டி அடி, இரும்போடு இரும்பு மோதுவது போன்ற உச்ச அழுத்தங்களை அளக்க அது வேண்டும். எழுத்து எழுதாத டெசிபல் எண்ணை அறிக்கையில் கண்டால் அதை நம்ப வேண்டியதில்லை.

அடுத்தது வேகம். 'ஃபாஸ்ட்' அமைப்பில் கருவி ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒலியை உள்வாங்கி மதிப்பைக் காட்டும். 'ஸ்லோ' அமைப்பில் ஒரு விநாடி. இரண்டிலும் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு நல்ல எண்ணைத் தேர்ந்து எழுதிக்கொள்வது அளவீடு ஆகாது. அளக்கும் நேரம் முழுவதும் வந்து சேர்ந்த ஆற்றலைத் திரட்டி ஒரே எண்ணாகத் தரும் சமநிகர் ஒலிமட்டம்தான் கணக்குக்கு உதவும். அதைத் தராத மலிவு மானிகள் கடைகளில் கிடைக்கின்றன. நிலையான மின்விசிறி ஓசைக்கு அவை போதும், ஆலைக்குப் போதாது.

கருவிகளின் தரத்தைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61672 என்ற தரநிலை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கிறது. முதல் வகுப்பின் பிழை வரம்பு குறுகியது, குறிப்பாக மிக உயர்ந்த, மிகத் தாழ்ந்த சுருதிகளில். விலையும் அதற்கேற்ப. எந்த வகுப்பானாலும், அளவுதிருத்தி இல்லாத மானி கையில் இருந்தும் இல்லாததுபோலத்தான். சிறிய உருளை வடிவத்தில் இருக்கும் அளவுதிருத்தியை ஒலிவாங்கியின் மேல் செருகினால் அது 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் ஒலியை எழுப்பும். மானி 94 காட்ட வேண்டும். இல்லையென்றால் சரிசெய்ய வேண்டும். அளந்து முடித்த பின் மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். முன்னதற்கும் பின்னதற்கும் அரை டெசிபலுக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த அளவீடு முழுவதையும் தள்ளிவிட வேண்டும். கேரித் தீவுபோன்ற உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த இடத்தில், ஆவி பறக்கும் ஆலைக்குள், ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வில் ஈரம் படிவது எளிது. இந்த இரண்டு நிமிட வேலையைத் தவிர்ப்பவர் எடுக்கும் எண்கள் எவ்வளவு அழகாக அட்டவணை போடப்பட்டாலும் பயனற்றவை.

கைப்பேசிச் செயலிகள் பற்றிப் பலருக்கும் கேள்வி இருக்கிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 2017இல் ஐபோனுக்கென்று இலவசச் செயலி ஒன்றை வெளியிட்டது. கவனமாகப் பயன்படுத்தினால் அதன் எண் உண்மைக்கு அருகில் வரும். மற்ற பல செயலிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கைப்பேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மிகுந்த இரைச்சலில் அது திணறும். இங்கே அளக்க வேண்டும் என்று எச்சரிக்க அது போதும். வழக்குக்கோ இழப்பீட்டுக்கோ சான்றாகாது.

செம்பனை ஆலைக்குள் இரைச்சல் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. லாரியில் வந்த குலைகள் முதலில் ஆவியில் வேகவைக்கப்படுகின்றன. பெரிய உருளைக் கலன்களில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நீராவி செலுத்தப்பட்டு, இடையிடையே அது திறந்துவிடப்படும். அந்த நேரத்தில் எழும் சீற்றம் சில விநாடிகளோ சில நிமிடங்களோ நீடித்து அடங்கும். வெந்த குலைகளிலிருந்து பழங்களை உதிர்க்கும் சுழல் உருளை ஓயாமல் தடதடக்கும். பழத்தைப் பிழியும் திருகு அழுத்திகள் தொடர்ந்து உறுமும். நாரையும் ஓட்டையும் எரிக்கும் கொதிகலனில் காற்றை உள்ளே தள்ளும் விசிறியும் புகையை வெளியே இழுக்கும் விசிறியும் இரைகின்றன. நீராவிச் சுழலியும் மின்னாக்கியும் இருக்கும் எஞ்சின் அறையில் ஒரு கூர்மையான ரீங்காரம். கொட்டைகளை உடைத்துப் பருப்பைப் பிரிக்கும் பகுதியில், ஆயிரக்கணக்கான கொட்டைகள் இரும்பில் மோதி நொறுங்கும் சத்தம். எஞ்சின் அறையும் பருப்புப் பகுதியும் இத்தகைய ஆலைகளில் 90 டெசிபல்-ஏயைத் தாண்டுவது சாதாரணம்.

இங்கே இரண்டு வேறு அளவீடுகள் வேண்டும். ஒன்று இடத்துக்கானது. ஒலியளவு மானியோடு ஆலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆள் நிற்கும் உயரத்தில் அளந்து, எந்தக் கோட்டுக்குள் காதுப் பாதுகாப்பு கட்டாயம் என்று வரைபடத்தில் குறிப்பது. ஆள் இல்லாத இடத்தில் அளந்தால் நிற்பவரின் காது உயரமாகத் தரையிலிருந்து 1.55 மீட்டர் வைத்துக்கொள்வது ஐஎஸ்ஓ 9612 தரநிலையின் வழிகாட்டல். ஆள் இருந்தால், இரைச்சல் அதிகமாக விழும் காதின் துவாரத்திலிருந்து 10 முதல் 40 சென்டிமீட்டர் தூரத்துக்குள் ஒலிவாங்கி இருக்க வேண்டும். அளப்பவர் தன் உடலால் ஒலியை மறைத்தாலோ சுவரை ஒட்டி நின்றாலோ எண் மாறும். அதனால்தான் கையை நீட்டிப் பிடிப்பார்கள், அல்லது முக்காலியில் வைத்துவிட்டு விலகி நிற்பார்கள்.

இன்னொன்று ஆளுக்கானது. எண்ணெய் தடவப் போகிறவர், பழுது பார்க்கிறவர், மேற்பார்வையாளர் ஆகியோர் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அவர்களின் தோளில், சட்டைக் காலருக்கு அருகே, சிறிய ஒலிவாங்கி கொண்ட டோசிமீட்டரை மாட்டிவிட்டால் அது வேலைநேரம் முழுவதும் அவர்களோடு நடந்து, காதுக்குள் போன மொத்த ஆற்றலைக் கணக்கெடுக்கும். மானியால் இடம் தெரியும். டோசிமீட்டரால் ஆள் தெரியும். மானியை மட்டும் பிடித்துவிட்டு ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆலைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் தவறு.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் எட்டு மணி நேர வேலையில் கட்டுப்பாட்டு அறையில் 72 டெசிபல்-ஏயில் நான்கு மணி நேரம், அழுத்திகளின் அருகே 88இல் இரண்டு மணி நேரம், பருப்புப் பகுதியில் 94இல் ஒரு மணி நேரம், ஓய்விடத்தில் 70இல் ஒரு மணி நேரம் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்களைச் சாதாரணமாகச் சராசரி போட்டால் 78.5 வரும், கவலை இல்லை என்று தோன்றும். ஆற்றலை முறையாகத் திரட்டினால் அவருடைய அன்றாட இரைச்சல் வெளிப்பாடு ஏறத்தாழ 87 டெசிபல்-ஏ. கட்டுப்பாட்டு அறையின் நான்கு மணி நேரம் இந்தக் கணக்கில் அநேகமாக ஒன்றும் சேர்ப்பதில்லை. பருப்புப் பகுதியின் ஒரு மணி நேரம் மட்டுமே ஒரு நாளுக்குரிய அளவு முழுவதையும் தின்றுவிடுகிறது.

இந்த 87 சட்டத்தின் முன் என்ன ஆகும் என்பது எந்த ஆண்டின் சட்டம் என்பதைப் பொறுத்தது. 1989ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திர (இரைச்சல் வெளிப்பாடு) ஒழுங்குமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்-ஏயை வரம்பாக வைத்தன; 85ஐ நடவடிக்கை மட்டமாக வைத்தன. அதைவிட முக்கியம், 5 டெசிபல் கூடினால்தான் அனுமதிக்கும் நேரம் பாதியாகும் என்று கணக்கிட்டன. 95இல் நான்கு மணி நேரம், 100இல் இரண்டு மணி நேரம் நிற்கலாம். மேலே சொன்ன தொழிலாளியின் நாளை அந்தப் பழைய கணக்கில் போட்டால் அனுமதித்த அளவில் பாதிகூட வராது. நடவடிக்கை மட்டத்துக்கும் கீழே அவர் பத்திரமாக இருப்பதாகத் தாள் சொல்லும். முப்பது ஆண்டுகள் மலேசிய ஆலைகளில் எத்தனையோ பேர் அந்தத் தாளை நம்பி வேலை செய்தார்கள்.

2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார (இரைச்சல் வெளிப்பாடு) ஒழுங்குமுறைகள் இதை மாற்றின. அன்றாட வரம்பு 85 டெசிபல்-ஏ. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி: 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு மணி, 94இல் ஒரு மணி, 100இல் பதினைந்தே நிமிடம். 82 டெசிபல்-ஏயைத் தாண்டினாலே மிகையான இரைச்சல் என்று கருதி இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். எந்த நேரத்திலும் 115 டெசிபல்-ஏயையும், உச்ச அழுத்தம் 140 டெசிபல்-சியையும் தாண்டக் கூடாது. இதன்படி நம் கணக்கிலுள்ள தொழிலாளி அனுமதித்த அளவைப்போல் ஒன்றரை மடங்கு இரைச்சலை வாங்குகிறார். அவர் காது மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. இயற்பியலுக்குப் பொருந்தாத ஒரு கணக்கு கைவிடப்பட்டது, அவ்வளவுதான். அது 1989லேயே நடந்திருக்க வேண்டும்.

2019 மாற்றத்தில் பேசப்படாத இன்னொரு நன்மை தோட்டத்துக்கு உண்டு. பழைய ஒழுங்குமுறைகள் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்தவை. அவற்றின் கண் ஆலைக் கூரைக்குள்தான் இருந்தது. புதியவை 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்ததால் விவசாயமும் அதற்குள் அடங்குகிறது. மரத்தடியில் புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி நடப்பவரும், மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய 'சாந்தாஸ்' மோட்டார் அரிவாளால் குலை அறுப்பவரும், மருந்துப் புகை அடிப்பவரும் இதில் வருகிறார்கள். இந்த இயந்திரங்களின் சிறு எஞ்சின்கள் காதுக்கு மிக அருகில் ஓடுகின்றன. புல்வெட்டியின் இரைச்சல் இயக்குபவரின் காதருகே 90க்கு மேல் போவது அரிதல்ல. திறந்தவெளியில் சத்தம் கலைந்துபோகும் என்பது தூரத்தில் நிற்பவருக்குத்தான் உண்மை. தோட்டங்களில் இன்று இந்த வேலைகளைப் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களே செய்கிறார்கள். டோசிமீட்டர் அவர்கள் தோளுக்கும் வர வேண்டும், அதன் முடிவு அவர்கள் மொழியில் சொல்லப்பட வேண்டும்.

இரைச்சலால் போகும் செவித்திறன் வலியில்லாமல் போகிறது. முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய சுருதிகளில் காது மங்கும். பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருப்பதால் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் கூடும், கோயில் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது பிடிபடாது, இரவில் காதுக்குள் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார்கள். இறந்த நுண்ணிழைச் செல்கள் மனிதனில் மீண்டும் வளர்வதில்லை. வரம்பைத் தாண்டிய இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் செவிச்சோதனை கட்டாயம் என்று சட்டம் சொல்வதன் காரணம் இதுதான். இந்த இழப்பு 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அச்சட்டத்தை நடத்தும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் இழப்பீடு கேட்கலாம். ஆனால் கேட்கும்போது இரைச்சல் எவ்வளவு, எத்தனை ஆண்டு, காது எப்போது எப்படி இருந்தது என்பதற்குத் தாள் வேண்டும். அளக்காத ஆண்டுகளுக்குத் தாள் இல்லை.

காதடைப்பான் கொடுத்துவிட்டோம் என்ற பதிலையும் எண்ணால்தான் சோதிக்க வேண்டும். 30 டெசிபல் குறைப்பதாகப் பெட்டியில் எழுதியிருக்கும் அடைப்பானை வேலைநேரத்தில் பாதிக்குக் கழற்றி வைத்தால் கிடைக்கும் பாதுகாப்பு 3 டெசிபல் மட்டுமே. கழற்றிய பாதியில் ஆற்றல் முழுவதும் உள்ளே போய்விடுகிறது. கொதிகலன் சூட்டில், வியர்வை வழியும் காதில், நாள் முழுக்க அதை அணிந்திருக்கச் சொல்வது எளிது. நீராவி வெளியேறும் குழாயில் ஒலித்தணிப்பான் பொருத்துவதும், சுழலியைச் சுற்றி உறை கட்டுவதும், கட்டுப்பாட்டு அறையை அடைத்துக் குளிரூட்டுவதும் செலவு பிடிக்கும். ஆனால் அவை யாரும் கழற்றிவிட முடியாதவை. அவற்றைச் செய்யும் முன்னும் பின்னும் அளந்தால் செலவுக்குப் பலன் உண்டா என்பது தெரிந்துவிடும்.

ஆலை வாசலைத் தாண்டி வெளியே வந்தால் அளக்கும் முறையும் மாறுகிறது. குடியிருப்புகளின் இரைச்சலுக்குச் சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டி நெறிகள் உள்ளன. அவற்றின் 2007 பதிப்பு, அடர்த்தி குறைந்த குடியிருப்புகளுக்கும் பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்றவற்றுக்கும் பகலில் 50, இரவில் 40 டெசிபல்-ஏ என்று வைத்தது. காலை 7 முதல் இரவு 10 வரை பகல். 2019இல் மூன்றாம் பதிப்பு வந்தது. வழிகாட்டி என்பது சட்டமல்ல. ஆனால் புதிய திட்டங்களுக்கு அனுமதி வழங்கும்போது அதன் எண்களை நிபந்தனையாக்க முடியும். வெளியில் அளக்கும்போது ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை கட்டாயம். காற்று வீசினால் அந்தக் காற்றே ஒலிவாங்கியில் மோதிப் பொய் எண் தரும். மழையில் அளக்கக் கூடாது. சுவர்களிலிருந்து மூன்றரை மீட்டர் விலகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரொலியும் சேர்ந்துவிடும்.

கேரித் தீவின் இரவில் அளக்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் எண் பூச்சிகளுடையது. வாய்க்கால் தவளைகளும் சில்வண்டுகளும் சேர்ந்து எழுப்பும் ஒலி, இயந்திரம் எதுவுமில்லாத இடத்திலும் இரவு வரம்பைத் தாண்ட வல்லது. இதைக் காட்டி, இங்கே ஏற்கெனவே சத்தம்தானே, இன்னும் கொஞ்சம் கூடினால் என்ன என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்துக்கு மானியிலேயே பதில் இருக்கிறது. ஒலியைச் சுருதிப் பட்டைகளாகப் பிரித்து அளந்தால், சில்வண்டின் ஓசை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுமாகக் குவிந்திருப்பது தெரியும். கப்பலின் எஞ்சின் ஓசையோ 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. பூச்சிகளோடு உறங்கிப் பழகியவர் கப்பலின் உறுமலில் விழித்துக்கொள்வார். ஏ வடிகட்டி 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிக்கும் என்பது இங்கே நினைவுக்கு வர வேண்டும். ஏ அளவை மட்டும் எழுதும் துறைமுக அறிக்கை, மக்களை எழுப்பப் போகும் ஒலியைக் கழித்துவிட்டு எழுதிய அறிக்கை. ஒவ்வோர் இடத்திலும் ஏ, சி இரண்டையும் எழுதினால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியே தாழ்ந்த சுருதியின் அளவைச் சொல்லிவிடும்.

கொள்கலன் துறைமுகத்தின் இரைச்சல் இன்னும் பல வகை. பெட்டி மேல் பெட்டி வைக்கும்போது எழும் இரும்பு மோதல், பின்னோக்கி நகரும் வண்டிகளின் எச்சரிக்கை ஒலி, பாரந்தூக்கிகளின் மணி, லாரிகளின் வரிசை. இவை இரவு பகல் பார்ப்பதில்லை. எட்டு மணி நேரச் சராசரியில் இந்த மோதல்கள் கரைந்துபோகும், உறக்கத்தில் கரைவதில்லை. அதனால் சராசரியோடு உச்ச மதிப்புகளையும், அவை இரவில் எத்தனை முறை வந்தன என்பதையும் எழுத வேண்டும். காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பம் கூடியிருந்தால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து கீழே திரும்பும். ஆற்றுக்கு அப்பால் நடக்கும் பேச்சு நள்ளிரவில் தெளிவாகக் கேட்பதை நதிக்கரைவாசிகள் அறிவார்கள். நண்பகலில் அளந்து இரவைக் கணித்துவிட்டோம் என்று சொல்லும் எந்த ஆய்வும் இந்தத் தீவுக்குப் பொருந்தாது.

முந்தைய அளவு ஏன் முக்கியம் என்பதற்குக் கோலாலம்பூரில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கத்தைச் சுற்றி நடமாடும் பார்வையற்றவர்கள், வண்டி வரும் திசையைக் காதால்தான் அறிகிறார்கள். கட்டுமான இரைச்சல் அந்த ஓசையை மூடிவிட்டால் அவர்களுக்குச் சாலை மறைந்துபோகிறது. 2003இல் மோனோரயிலும் அதன் பின் கோபுரங்களும் வந்த அப்பகுதியில், பழைய இரைச்சல் எவ்வளவு இருந்தது என்று இன்று எந்த மானியாலும் திரும்பிப்போய் அளக்க முடியாது. கேரித் தீவில் அது இன்னும் முடியும். புதிய துறைமுகம் போன்ற பெருந்திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். அதில் திட்டத்துக்கு முந்தைய இரைச்சல் அளவு இடம்பெறும். அந்தப் பக்கத்தைத்தான் மக்கள் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும். சுங்கை பும்புனில் அளந்தார்களா, தோட்டக் குடியிருப்பில் அளந்தார்களா, தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையில் அளந்தார்களா? ஒரு பகலா, பல இரவுகளா? வார நாள்களும் ஞாயிறும் சேர்ந்ததா? ஆலை ஓடும் நேரம், ஓடாத நேரம் இரண்டுமா? உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைக்குள் 35 டெசிபல்-ஏக்கு மேல் இரைச்சல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆசிரியர் குரல் கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்பதற்காக.

ஆலையிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்கள் தங்கள் பெயரில் எடுத்த இரைச்சல் அளவீட்டின் முடிவையும் செவிச்சோதனைத் தாளையும் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கம் உள்ள இடங்களில் அதைச் சங்கமே கேட்க வேண்டும். தீவின் இரவு இரைச்சலை, ஏயிலும் சியிலும், குறைந்தது ஒரு வறண்ட மாதத்திலும் ஒரு மழை மாதத்திலும் அளந்து வெளியிடும்படி மாநில அரசையும் சுற்றுச்சூழல் துறையையும் கோல லங்காட் நகராண்மைக் கழகத்தையும் தீவின் மக்கள் இப்போதே கேட்க வேண்டும். முதல் தூண் இறங்கிய பிறகு கேட்டால் அந்த அளவீடு கிடைக்காது.